தக்காளி இல்லாத வண்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளித்தால் டென்னிஸால் தாங்க முடியாது.

டென்னிஸ்தான் இதை எழுதுகிறவன். வீடு மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டலில், வேலை பெங்களூரில். விடியுமுன் ரயிலேறுவான், திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். ரயிலில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், இவன் போனில் கதை எழுதுவான். மகள் ரெபேக்காவுக்கு, வீட்டில் ரெபி, மூன்றரை வயது. சறுக்குமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்ததில், மார்புக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால் வரை மாவுக்கட்டு. கால்கள் இரண்டும் விரிந்தபடி, நடுவில் ஒரு கட்டை. உட்கார முடியாது. ஆறு வாரமும் படுக்கைதான்.

அந்த ஆறு வாரமும் அவளை ஊர் சுற்றிக் காட்டி மகிழ்வித்த ஓர் அப்பாவைப் பற்றி எழுதலாம் என்று பங்காரப்பேட்டை தாண்டும்போது ஒரு நாள் அவனுக்குத் தோன்றியது. அந்த அப்பா அவனல்ல என்பது அப்போது அவனுக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "இலையுதிர் காலத்தின் பொன்மாலையில், அப்பாவும் மகளும்—"

(நிறுத்திவிட்டான். எந்த இலை? இந்த ஊரில் ஐப்பசியில் உதிர்வது தூறல். பொன்னும் கிடையாது, அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பல வருஷமாகிறது.)

இரண்டாம் தொடக்கம்: "நந்திதுர்க் பக்கம் சாய்ந்த வெயிலில் சயனைடு மேடு* வெளுத்து நின்றது. தள்ளுநாற்காலியில் இருந்த மகள், பழைய சுரங்க ஷாஃப்டின் மேலிருந்த இரும்புச் சக்கரத்தைக் காட்டி, 'டாடி, அது இன்னா?' என்றாள். அவன் குனிந்து, அவள் தாத்தாவின் தாத்தா கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கிய கதையை—"

* சயனைடு மேடு: தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண், மலையாகக் குவிந்தது. பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் பயப்படுவார்கள். ஊர்க்காரர்கள் வழி சொல்லப் பயன்படுத்துவார்கள்.

இந்தத் தொடக்கம் டென்னிஸுக்கு மிகவும் பிடித்திருந்தது. கண்கூடக் கலங்கியது. தான் எழுதியதைப் படித்துத் தானே கலங்குகிறவனை நம்பக்கூடாது என்று நீங்கள் நினைத்தால், நினைத்தது சரி.

3

நேற்று சனிக்கிழமை. சீக்கிரம் வீடு திரும்பி, மாலையில் அதை மனைவி வினோலியாவிடம் காட்டினான். அவள் ரெபியைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"இன்னாங்க இது, தள்ளுநாற்காலி? நம்மகிட்ட எங்க கீது?"

"கதைதானே."

"கதைன்னா? இவ உக்காருவாளா? மல்லாக்கப் படுத்துகினு கீறவளுக்கு அந்த சக்கரம் எப்பிடித் தெரியும்? அவளுக்குத் தெரியறதெல்லாம் வானம், கரன்ட் கம்பி, குனிஞ்சு பாக்கறவங்க மூஞ்சி. அவ்ளோதான்."

டென்னிஸ் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "அப்போ அவள வெளியவே கூட்டினு போறதில்லியா?"

"தினம் போறோம், ஞாயித்துக்கெழம நீங்க தூங்கிகினு கீறப்பவும். நாலு மணிக்கு. வேலு வண்டியில."

வேலு தெருவில் காய்கறி விற்கிறவன். மதியத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். காலி வண்டியை இவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போவான். அதில் மெத்தை போட்டு, கால்களுக்கடியில் தலையணை வைத்து, மேலே குடையைக் கட்டி, ஐந்து வாரமாகத் தள்ளிக்கொண்டு போகிறாள் வினோலியா.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னேன். நீங்க 'ம்'னீங்க."

அவன் போனைச் சட்டைப் பையில் வைத்தான்.

"போனப் பாத்துகினே 'ம்'னீங்க. ஒரு வாட்டி இல்ல, நாலு வாட்டி."

ரெபி தினமும் "வண்டி, வண்டி" என்று சொல்வதாக எப்போதோ காதில் விழுந்து, ஒரு பொம்மைக் கார் வாங்கி வந்தது டென்னிஸுக்கு நினைவு வந்தது. அது இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.

4

இனி வருவதெல்லாம் வினோலியா சொன்னது. டென்னிஸ் சேர்த்தது எதுவுமில்லை. (ஒரே ஓர் உவமை சேர்த்தான். அதையும் அடித்துவிட்டான்.)

வேலுவின் வண்டிச் சக்கரம் கிறீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் பெண்கள் பையோடு வெளியே வருவது வழக்கம். முதல் நாள் பார்வதம்மாவும் அப்படித்தான் வந்தார். தக்காளி இருக்க வேண்டிய இடத்தில் மாவுக்கட்டோடு ஒரு குழந்தை.

"அய்யே! இன்னாடி இது? தக்காளி இல்லியா?"

கட்டு போட்டபிறகு ரெபி முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான். மறுநாள் தெருமுனை வந்ததும் படுத்தபடியே கூவ ஆரம்பித்துவிட்டாள்: "தக்காளீ... வெங்காயம்..." வேலுவின் அதே ராகம். கதவுகள் திறந்தன. வாங்க எதுவும் இல்லை என்று தெரிந்தே வந்தார்கள். அவளுக்கு மேலேதான் தெரியும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. ஒருத்தி கொய்யாக்கிளையைத் தாழ்த்திப் பிடித்தாள். பார்வதம்மா தன் கோழியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். ரெபி அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் மாவுக்கட்டு போட்டிருக்காங்க, வெள்ளையா கீது" என்றாளாம்.

டென்னிஸுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கோழியின் மீது ஒரு மனிதன் இவ்வளவு பொறாமைப்படலாமா என்று தெரியவில்லை, ஆனால் பட்டான்.

5

செவ்வாய்க்கிழமை மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். நாளை வேலைநாள். ஆகவே இன்று ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றுதான் மிச்சம். அதை விட்டால், அந்த வண்டியை அவன் ஒரு தடவைகூடத் தள்ளவில்லை என்பதே கடைசிவரை உண்மையாகிவிடும். அதற்குமேல் எவ்வளவு எழுதியும் பயனில்லை.

போகவேண்டியதுதானே என்பீர்கள். மழை இருக்கிறது. கட்டு நனைந்து ஊறினால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி கட்டு.

(இதுவும் முழு உண்மை இல்லை. வெட்கம். இன்று சர்ச்சுக் கோயிலில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைப் படைக்கும் நாள். சபையார் மாலைவரை அங்கேயே இருந்து, நாலு மணிக்குத்தான் கூட்டமாக இதே தெருவில் திரும்புவார்கள். காலையில் அவர்கள் எல்லார் முன்னாலும் ஒரு பெரிய பூசணிக்காயைக் காணிக்கையாகத் தலை நிமிர்ந்து தூக்கிக்கொண்டு போனவன், மாலையில் காய்கறி வண்டியைத் தள்ள வெட்கப்படுகிறான். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று டென்னிஸுக்குத் தெரியவில்லை.)

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தான்.

அ. மழை கொட்டுகிறது. அப்பா தன் உடம்பால் மகளை மூடி, மாவுக்கட்டு நனையாமல் காப்பாற்றுகிறார். (வினோலியா: "வண்டிக்கு அடியில தார்ப்பாய் கீது. ஹீரோ வேல வாணாம்.")

ஆ. மேகம் விலகுகிறது. அப்பா கூவுகிறார். சபையார் கைதட்டுகிறார்கள். (எந்தத் தெருவில் கைதட்டியிருக்கிறார்கள்?)

இ. அப்பா வீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையை முடிக்கிறார். வினோலியா வழக்கம்போல வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். வாசலிலிருந்து ஏதோ சொல்கிறாள். "ம்" என்கிறார்.

மூன்றில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் உட்கார முடியவில்லை.

7

மணி நாலாகப்போகிறது. இதை வாசற்படியில் நின்றபடி அடிக்கிறான். சாம்பியன் ரீப்ஸ் பக்கம் வானம் கறுத்திருக்கிறது. வேலு வண்டியை விட்டுவிட்டு, கிளம்புமுன் சொன்னான்:

"லெஃப்ட்ல இழுக்கும், பிரதர். ரெண்டு கையும் வண்டில இருக்கணும். போன உள்ள வெச்சிட்டுப் போங்க."

வினோலியா செருப்பு போடவில்லை. "நான் வரல. ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட் எல்லாம் பாத்தாச்சு. இது உங்க ஷிப்ட்."

மெத்தையில் கிடந்த ரெபி அவனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

"டாடி வாணாம். டாடிக்குக் கூவ வராது."

"கத்துக் குடு."

யோசித்தாள். "தக்காளின்னு சொல்லக்கூடாது. தக்காளீ...ன்னு இழுக்கணும். எல்லாரும் வர்ற வரைக்கும்."

டென்னிஸ் சரி என்றான். "ம்" என்று சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தார்ப்பாய் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இருக்கிறது. இனி அவன் செய்யவேண்டியது இந்தப் போனை வினோலியாவிடம் கொடுத்துவிட்டு—

8

இது வினோலியா அடிக்கிறது. எனக்குக் கதை எல்லாம் வராது. அவர் போன குடுத்துட்டுப் போய்ட்டார், பாதி வரியிலயே.

வண்டி லெஃப்ட்ல இழுக்குது. ரெண்டு வாட்டி சாக்கடைகிட்ட போயி திரும்பிடுச்சு. இப்போ தெருமுனையில நிக்கறார். ஒரு தூறல் விழுந்துச்சு, ஒண்ணே ஒண்ணு, என் கைமேல. அந்தப் பக்கத்துல இருந்து கோயில் ஜனங்க வராங்க, வெள்ளையும் சொள்ளையுமா. அவங்க இன்னும் இவர பாக்கல. திரும்பி வர்றதுன்னா இப்பவே வந்துடலாம்.

வாய் இன்னும் தெறக்கல. பாப்பா சொல்றது இங்க வரைக்கும் கேக்குது: "கூவு டாடி."

நான் கதவ சாத்திகினு உள்ள போறேன். பாக்க மாட்டேன். அஞ்சு வாரமா நான் பாத்தாச்சு. நீங்க நின்னு கேளுங்க.