பக்கத்துல நின்னு பாத்தியா?

சுகாதாரப் பணியாளர் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருமலுக்கு ஆள் பிடிக்கச் சொன்னார்கள். பயிற்சி தரும் சிஸ்டர் ஆளுக்கொரு சளி டப்பாவைக் கையில் திணித்தாள்.

"உங்க தெருவுல விடாம இருமுற ஒருத்தரோட சளி வேணும். காலையில எழுந்ததும் நெஞ்சுக்குள்ளேர்ந்து காறித் துப்பணும். வெறும் எச்சிலைக் கொண்டாந்தா டப்பாவோட திருப்பி அனுப்பிடுவேன். துப்பும்போது பக்கத்துல நின்னு பாக்கணும். கண்ணால பாக்காத சளி சளியே இல்ல."

மற்றவர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவும் அவளுக்கு மட்டும் அந்தக் கஷ்டமில்லை. இருமல் வீட்டிலேயே இருந்தது. கிடங்கில் மூட்டை தூக்கும் புருஷன் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டிருந்தான்.

இந்த வேலை கிடைத்தால் ஓட்டலில் பாத்திரம் கழுவுவதை விட்டுவிடலாம். சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறி அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கையுறை போடப் பழகிய அன்று எரிச்சலில் கண் கலங்கிவிட்டது. கூடப் படித்த தையல்காரி, "என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி கையைப் பாத்து அழுவுற?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்கவைத்தாள்.

டப்பாவை நீட்டியபோது புருஷன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

"இருமுறவன் தோள்ல மேஸ்திரி மூட்டை ஏத்த மாட்டான். உன் படிப்புக்காக எல்லார் வயித்துலயும் அடிக்காத."

"விஷயம் மேஸ்திரிக்கெல்லாம் போகாதுங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு முதல் நாளே சத்தியம் வாங்கிட்டாங்க."

"உங்க வகுப்புல எத்தன பொம்பளைங்க?"

"பன்னெண்டு பேரு."

"அப்ப ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான்."

மறுநாள் விடியற்காலையில் குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பியபோது, இறுக மூடிய டப்பா வாசற்படியில் இருந்தது. மாமியார் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்படியோ பேசிச் சம்மதிக்க வச்சேன். துப்பிட்டுத்தான் வேலைக்குப் போனான். இதப் பத்தி அவன்கிட்ட கேக்காத, மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவான்."

கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. வகுப்பில் சிஸ்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இதுதான் சளி. எல்லாரும் நல்லாப் பாருங்க." பிறகு அவளிடம் திரும்பினாள். "பக்கத்துல நின்னு பாத்தியா?"

அவள் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்தேன் சிஸ்டர்."

முடிவு வந்த அன்று சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். டிபி. புருஷனை அழைத்து வர வேண்டும், வீட்டிலிருக்கும் பெண் குழந்தையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மாத்திரை தினமும் உண்டு. "முழுங்குறதப் பக்கத்துல நின்னு பாக்கப் போற ஆளு நீதான்," என்றாள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் புருஷன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். ஒரே அறைதான் வீடு. பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

"நான் எங்கடி துப்புனேன்? அந்த மூடியக்கூடத் தொறக்கல."

மாமியார் மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிய கை நின்றது.

"என்னோடதுதான். உனக்கு டப்பா நிறையணும், அவனுக்கு வேலை நிக்கணும். எனக்கு இருக்குறது அடுப்புப் புகை இருமல். அதுல என்ன வந்துடப் போகுதுன்னு நெனச்சேன்."

பேத்தி தினமும் தூங்குவது பாட்டியின் நெஞ்சோடு ஒட்டித்தான். மருமகள் குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். ஆனால் கொண்டுபோய் வைக்க அந்த அறையில் வேறு இடமில்லை.

"ஏன் இப்படிப் புடுங்குற? அவன் பேருக்கு மாத்திரை வரட்டும், நான் முழுங்கிக்கிறேன். பாக்கப் போறதே நீதான? யாருக்குத் தெரியும்?"

"அத்தை, எடையப் பாத்துத்தான் மாத்திரை தருவாங்க. நீங்க அவருல பாதிகூட இல்ல. அவருக்கு என்னன்னும் தெரியாமப் போயிடும்."

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான் புருஷன். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. அடங்கியதும் கேட்டான், "நீ பாத்தேன்னு சொன்னது பொய்னு தெரிஞ்சா உன்ன வச்சிருப்பாங்களா?"

அவள் ஜன்னலைத் திறந்தாள். அவன் மறுபடியும் சாத்தினான். குழந்தை தூக்கக் கலக்கத்தில் பாட்டியிடம் போக அழுதது. அதைப் பாட்டிக்கு முதுகைக் காட்டிப் படுக்கவைத்து நடுவில் அவள் படுத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் இருமல். சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்தால், வாய் மூடியிருப்பதே அவளுக்கு வேலையாகிவிடும்.

காலையில் சிஸ்டர் சாவியை எடுத்துக் வகுப்பறைக் கதவைத் திறக்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

"அந்தச் சளி அவரோடது இல்ல. என் மாமியாரோடது. நான் பாக்கல."

சிஸ்டர் உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"பயிற்சிக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டு. வேலையப் பத்தி நான் மேல கேக்கணும். கிடைக்கும்னு நெனைக்காத. இன்னிக்கே மாமியாரையும் குழந்தையையும் கூட்டிட்டு வா."

கோட்டை மாட்டிவிட்டுத் திரும்பியபோது மேசைமேல் புது டப்பா ஒன்று இருந்தது.

"இது உன் புருஷனுக்கு. உன்ன நம்பிக் குடுக்கல. உங்க வீட்டுக்கு அனுப்ப எனக்கு வேற ஆள் இல்ல."

பகல் முழுக்க மாமியாரோடும் குழந்தையோடும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். கையில் குழந்தைக்கு டிபி இருக்கிறதா என்று பார்க்கும் ஊசிக்கான சீட்டும் மாமியாருக்கான மாத்திரையுமாக வீடு திரும்பினாள்.

மறுநாள் விடியற்காலை அவள் குழாயடிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், சந்து முனையில், காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டாள். புருஷன் டப்பாவை வாங்கி முதுகைக் காட்டினான்.

"இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"வேலைதான் போச்சே. இன்னும் யாருக்காகடி பாக்குற?"

அவள் நகரவில்லை. சந்தின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அவள். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான். பிறகு திரும்பினான். மூச்சை இழுத்து, குனிந்து, நெஞ்சுக்குள்ளிருந்து காறினான். டப்பாவின் அடியில் விழுந்ததில் சிவப்பு இழை ஓடியிருந்தது.

அவன் அதைப் பார்க்காமல் மூடியைத் தேடினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.