மூன்றாவது பேட்டரி

1

மனிதகுல நாகரிகத்தின் வரலாறு என்பது, ஆற்றலைச் சேமித்துவைக்கக் கற்றுக்கொண்டதன் வரலாறே ஆகும்.

இந்த வாக்கியத்தை எழுதியவன் நான். ஒரு திருவிழா மேடையில் பேசியவர் எங்கள் பங்குப் பேரவைத் தலைவர் ஏசுதாசன். பேசிய இடம், பீடோங் டவுனுக்கு வெளியே செம்பனைக் காட்டைப் பார்த்தபடி மேட்டின்மேல் இருக்கும் எங்கள் மாதா கோயில். ‘ஆற்றலைச் சேமித்து’ வரை வந்தபோது மைக் நின்றுபோயிற்று. அதன் பேட்டரியை யாரும் சார்ஜில் போட்டிருக்கவில்லை.

ஆனால் இந்தக் கதை அன்று பிறக்கவில்லை. நேற்று, பெரிய வெள்ளிக்கிழமை பிறந்தது. ஏசுதாசன் என்னிடம் ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார். ஈஸ்டர் காலைத் திருப்பலி முடிந்ததும் வாசிக்க வேண்டும், நான்கு வரி போதும், “நல்ல தமிழ்ல, மனசுல தைக்கிற மாதிரி இருக்கணும் சார்.” எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

‘நம் மின்வண்டியின் பேட்டரி ஒன்றை மாற்றி வைத்துக் கோயிலுக்குத் துரோகம் செய்த திரு. மார்க்கஸ் அவர்களிடமிருந்து’

அதற்குமேல் பேனா ஓடவில்லை. நான்கு வரி எழுத முடியாதவன் என்ன செய்வான்? கதை எழுதுவான்.

[ஏசுதாசன் அடுத்த மாதம் சுங்கை பட்டாணியில் என் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டுவைக்கப் போகிறவர். இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. சொல்லிவைத்தேன்.]

2

வண்டியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். கோல்ஃப் திடல்களில் ஓடுமே, கூரை உண்டு, கதவு கிடையாது, அந்த வகை. மேட்டடியில் காரை விட்டு இறங்கி ஏறமாட்டாத முதியவர்களுக்காக, 2023 மாதா திருவிழாவில் ஏசுதாசன் அன்பளித்தார். பக்கவாட்டில் பித்தளைத் தகடு: ‘புத்தம் புதிய இவ்வண்டி...’ புத்தம் புதிய வண்டியின் முன்பலகையில் பதினேழு என்ற எண்ணைச் சுரண்டிய தடம் இருந்தது. அதன்மேல் அந்தோணியார் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். கோல்ஃப் பந்து வைக்கும் குழியில் இப்போது ஜெபமாலை கிடக்கிறது.

ஃபாதர் வண்டியை மந்திரித்தபோது ஏசுதாசன் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். “உள்ள இருக்கறதுக்கும் தீர்த்தம் போடுங்க ஃபாதர், அதுதானே இழுக்குது” என்றார். நியாயம்தான். படம் எடுத்தவன் நான். ஆண்டுமலர் அட்டையில் வந்தது, ஃபாதரின் கைக்குக் கீழே உள்ளதை வெட்டி.

இனி கதாநாயகன். தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

‘மார்க்கஸ் பேட்டரிகளின் மொழி அறிந்தவர்.’ அடித்துவிட்டேன். மார்க்கஸ் வாசித்தால் சிரிப்பார்.

‘மார்க்கஸின் கடைக்குப் பின்னால் பழைய பேட்டரிகள் மலைபோல் குவிந்திருந்தன.’ இது நன்றாக இருக்கிறது. கொஞ்சம் திருட்டுக் களை வந்துவிடுகிறது. [பேட்டரிக் கடைக்குப் பின்னால் வேறென்ன குவிந்திருக்கும், தேங்காயா என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை நகராது.]

‘ஐம்பது வயதான மார்க்கஸ் யாரிடமும் கோபப்பட்டதில்லை.’ இதை வைத்துக்கொள்கிறேன். கோபமே வராத ஆளை யார்தான் நம்புவார்கள்?

3

குருத்தோலை ஞாயிறன்று வண்டி பாதி மேட்டில் நின்றது. உள்ளே ஜெனவீவ் அக்காவும் இன்னும் இரண்டு கிழவிகளும், கையில் குருத்தோலையோடு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஊசி போட்ட ஜெனவீவ் அக்கா, இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

“ஆண்டவரு கழுதைமேல போனாரு. அறிவாளி லா.”

கோயிலுக்குச் சம்பளமில்லாமல் அந்த வண்டியைப் பராமரித்துவந்த மார்க்கஸுக்கு அது சுருக்கென்றது. முழுக்க சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு, திங்கட்கிழமை சீட்டைத் தூக்கினார். எட்டு வோல்ட்டில் ஆறு பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் நான்கு மூடி. ஐந்து பேட்டரிகளில் மூடி மஞ்சள். மூன்றாவதில் மட்டும் சிவப்பு. மூடியைக் கழற்றி, கண்ணாடிக் குழாயை விட்டு அமிலத்தை உறிஞ்சினார். உள்ளே ஒரு மிதவை உண்டு. அது மேலே எழும்பினால் சத்து இருக்கிறது, அமுங்கினால் இல்லை. இருபத்து மூன்று குழிகளில் எழும்பிற்று. மூன்றாவது பேட்டரியின் இரண்டாம் குழியில், சேற்றில் விழுந்த குண்டூசி மாதிரி அடியில் உட்கார்ந்தது.

பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏசுதாசன்.

“செத்துப்போச்சா?”

“தெரியல அண்ணே. எழுப்பிப் பாக்கறேன்.”

அளவாகக் காய்ச்சிவடித்த நீர் ஊற்றி, மின்னோட்டத்தைக் குறைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, மெதுவாக ஏற்றினார். மணிக்கொருதரம் வந்து குமிழியைப் பார்த்தார், பக்கவாட்டைத் தொட்டுச் சூடு பார்த்தார். மற்றக் குழிகள் சோறு கொதிக்கிற மாதிரி பொங்கின. அந்த ஒரு குழி கிணற்றுத் தண்ணீர் போல் கிடந்தது. புனித வாரம் என்பதால் ஏசுதாசன் உட்பட எல்லாரும் மூன்றாம் நாளை நம்பினார்கள். மூன்றாம் நாளும் அது எழவில்லை.

வியாழக்கிழமை, வண்டியில் அரிசி மூட்டை ஏற்றி மேட்டில் ஓட்டி, மீட்டர் வைத்துக் காட்டினார். ஐந்து பேட்டரிகள் ஏழரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. மூன்றாவது ஐந்துக்கு விழுந்தது.

“ஒன்னு போச்சு அண்ணே. ஆனா ஆறையும் மாத்தணும்.”

“ஒரு பல்லு சொத்தைன்னா முப்பத்திரண்டையும் புடுங்குவியா?”

“பல்லு வேற லா. திருவிழாவுல சப்பரம் தூக்கறோம்ல? அஞ்சு கிழவனுக்கு நடுவுல ஒரு எளந்தாரிய விட்டா பாரமெல்லாம் அவன் தோள்லதான். அவனும் சீக்கிரம் படுத்துருவான்.”

ஏசுதாசனுக்கு உவமை பிடித்திருந்தது, ஆள் பிடிக்கவில்லை. மார்க்கஸ் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. துணியால் பேட்டரி முனைகளைத் துடைத்தார். ஈயத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருந்தன.

“எழுத்து மாசம், நம்பர் வருஷம். ஏ-ன்னா ஜனவரி. இந்த அஞ்சும் கே ரெண்டு. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு நவம்பர். மூனாவதப் பாருங்க, சி எட்டு. பதினெட்டாம் வருஷம் மார்ச். இது வேற வீட்டுப் புள்ள அண்ணே.”

தகட்டில் இருந்த ‘புத்தம் புதிய’ என்ற சொற்கள் வெயிலில் பளபளத்தன. ஏசுதாசன் அதைப் பார்த்தார். பிறகு மார்க்கஸைப் பார்த்தார்.

“சார்ஜ் ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?”

“எங்கிட்டதான்.”

“வேற யாருகிட்ட?”

“யாருகிட்டயும் இல்ல.”

“அப்ப சரி.”

அந்த ‘அப்ப சரி’ என்ன என்பது, மேட்டை விட்டு இறங்கி மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகுதான் மார்க்கஸுக்கு உறைத்தது. சிடாம் கிரி ஊர்ப்பக்கம் மூன்று எஸ்டேட்டுகளின் டிராக்டர் பேட்டரிகள் அவர் கையில்தான். கோயிலில் கை வைத்தவன் என்று மாதா பீடத்துக்கு முன்னால் பேர் வாசிக்கப்பட்டால், எந்த மானேஜர் கேட்டைத் திறப்பார்? வழியில் இரண்டு தடவை மோட்டாரை நிறுத்தி, திரும்பிப் போய்ப் பேசலாமா என்று யோசித்தார். பேசினால் பயந்துவிட்டான் என்பார்கள். பேசாவிட்டால் ஒப்புக்கொண்டான் என்பார்கள். அவர் வீட்டுக்குப்

[இந்த இடத்தில் நான் அவருக்காக இரக்கப்பட ஆரம்பித்துவிட்டேன். ஓர் எழுத்தாளனுக்கு அது ஆபத்து. நிறுத்துகிறேன்.]

4

நடுநிலையாகச் சந்தேகிப்போம்.

திருடியவராக இருந்தால், அந்தப் பொறிப்பைத் தானே துடைத்து ஏன் காட்டினார்? கெட்டிக்காரத் திருடன் அப்படித்தான் செய்வான். சரி, ஆறையும் மாற்று என்று ஏன் சொன்னார்? மிச்சம் ஐந்தையும் எடுத்துக்கொண்டு போகத்தான். மூன்று நாள் ஏன் மாடாய் உழைத்தார்? நடிப்பு. நடிப்பில்லை என்றால்? நல்ல நடிப்பு.

பார்த்தீர்களா, ஈயமும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். இது தானாகவே சார்ஜ் ஏறுகிறது.

இதே சந்தேகத்தை ஏசுதாசன் மீதும் திருப்பலாமே என்பீர்கள். பழைய வண்டியை வாங்கி, பெயின்ட் அடித்து, ஐந்து பேட்டரி புதிதாகப் போட்டு, ஆறாவதுக்குக் கைக்கு வந்ததைச் செருகி

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு நேரமில்லை. தொகுப்பு வெளியீட்டு அழைப்பிதழில் பிழைதிருத்த வேண்டியிருக்கிறது.

5

முடிவுகள்.

(அ) மார்க்கஸ் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். மணி அடிக்கிறது. மணிக்கும் மார்க்கஸுக்கும் சம்பந்தமில்லை, நான் அடிக்கவிட்டேன்.

(ஆ) ஏசுதாசன் பீடத்தருகே வந்து, “வண்டி பழசுதான், நான்தான் தெரியாம வாங்கிட்டேன்” என்கிறார். இந்த முடிவை ஜெனவீவ் அக்காவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். “இது அற்புதம் லா தம்பி, ரோமாபுரிக்கு எழுதிப் போடு” என்றார். போனை வைப்பதற்கு முன்னால், “ஆமா, அன்னைக்கு சீட்டத் தூக்கித்தானே தீர்த்தம் தெளிச்சாங்க? நீ கூட...” என்று ஆரம்பித்தார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

(இ) காலியாக விட்டிருக்கிறேன்.

6

இன்று பெரிய சனிக்கிழமை. காலையில் என் மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. பீடோங்கில் இதற்கு ஒரே ஆள்தான். வந்தார்.

வந்தவர் என் கதாபாத்திரம் மாதிரி இல்லை. சவரம் செய்யாமல், தூங்காத கண்ணோடு இருந்தார். பக்க மூடியைக் கழற்றி, பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைக் கத்தியால் சுரண்டினார். குனிந்தபடியே கேட்டார்:

“நாளைக்கு எம் பேர வாசிக்கப் போறாங்களாமே சார்?”

“கேள்விப்பட்டேன்” என்றேன். எழுதச் சொன்னது யாரிடம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“வண்டி வந்த அன்னைக்கு நீங்கதானே போட்டோ புடிச்சீங்க? சீட்டு தொறந்திருந்துச்சு. மூனாவது மூடி அதுல சிவப்பா இருந்தா நான் தப்பிச்சேன். மஞ்சளா இருந்தா, என் கையில சாவி இருக்கும்போதுதான் போயிருக்கு, நான்தான் பதில் சொல்லணும். எதுவா இருந்தாலும் தெரிஞ்சிரும்ல.”

தனக்கு எதிராகவும் திரும்பக்கூடிய ஒன்றை இப்படி ஒருவர் கேட்பது, கதையில் வந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

“போன மாத்திட்டேன் மார்க்கஸ். பழைய படமெல்லாம் போச்சு.”

“ஓ. பரவால்ல சார்.”

பட்டனை அழுத்தினார். மோட்டார் உடனே எடுத்தது. “பேட்டரி நல்லாத்தான் இருக்கு. முனைதான் பூத்துக் கெடந்துச்சு” என்று சொல்லிவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனார்.

மேசைமேல் அறிவிப்புத் தாள் கிடக்கிறது. ‘அவர்களிடமிருந்து’ வரை எழுதியிருக்கிறேன். திருப்பலி காலை எட்டு மணிக்கு. மிச்சத்தையும் (இ)-யையும் வாசகரே எழுதிக்கொள்ளலாம். எந்த முடிவு எழுதினாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. உங்களுக்கு உதவியாக ஒரு தகவல்.

அந்தப் படத்தில் மூன்றாவது மூடி சிவப்பு. நான் போன் மாற்றவில்லை.