வண்டியை மறித்தவன்

கறிக்கடைக்காரன் வெட்டுக்கத்தியோடு வேனுக்கு முன்னால் வந்து நின்றபோது உள்ளே ஐந்து நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி. தொண்டையில் புற்றுநோய். முப்பது நாள் கதிர்வீச்சில் இருபத்திரண்டு முடிந்திருந்தது. தினமும் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் விட்டது அறக்கட்டளையின் அந்த வேன்தான். அதன் பக்கவாட்டில் ‘பொதுமக்கள் நன்கொடையில் இயங்குகிறது’ என்று எழுதியிருக்கும். முந்தின நாள் கடைக்கு வந்த ஒருவன், “உங்க வீட்டம்மாவ தர்ம வண்டியில பாத்தேனே” என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

“எறங்குடி. பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்க வக்கில்லாதவன்னு ஊரே சிரிக்குது.”

அவள் தலையசைத்து மறுத்தாள். கத்தி முன்கண்ணாடியில் இறங்கியது. சில்லுகள் உள்ளே இருந்தவர்களின் மடியிலும் முகத்திலும் தெறித்தன. ஓட்டுநர் கீழே இறங்கினார். முன்பு லாரி ஓட்டியவர், எல்லோருக்கும் லாரியண்ணன்.

“தம்பி, ஒம்பதரைக்கு மிஷின்ல இவங்க முறை. சாயங்காலம் வந்து என்னை வெட்டிக்கோ. இப்ப வழி விடு.”

அடுத்த வீச்சை அவர் வெறுங்கையால் பிடித்தார். உள்ளங்கை பிளந்தது, சுண்டுவிரல் தொங்கியது. அவன் அவர் தலைமுடியைப் பிடித்துக் கதவில் மோதினான். மீண்டும் மோதினான்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஜாக்கிக் கம்பியோடு மனைவி இறங்கினாள். கதிர்பட்டுக் கழுத்துத் தோல் கருகி உரிந்திருந்தது. ஓங்கி அவன் முழங்காலில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் வேனுக்குள்ளும் கேட்டது. விழுந்தவனின் தோளில் இன்னொன்று போட்டாள். மூன்றாவதற்கு ஓங்கியபோது, இரைப்பைப் புற்றுநோய்க்காக வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தார்.

“போதும்மா, செத்துடுவான்.”

“சாகட்டும்.” ஒரு மாதமாக அவளுக்கு வெறும் காற்றுதான் குரல்.

அவனைத் தெருக்காரர்களிடம் விட்டுவிட்டு வாத்தியாரே வண்டியை எடுத்தார். இருபது வருடமாக ஸ்டியரிங்கைத் தொடாதவர். முதல் கியரைத் தாண்டவில்லை. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரியண்ணன் பல்லைக் கடித்தபடி, “கியரை மாத்துங்க சார். டீசல் ஜனங்க காசு” என்றார்.

மருத்துவமனையில் தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடியைப் பொருத்திய பிறகும் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. அசைந்தால் கதிர் இடம் மாறிவிடும். நடுக்கம் நிற்கும்வரை டெக்னீஷியன் காத்திருந்தார்.

அன்று மாலையே அறக்கட்டளைச் செயலாளரம்மா மருத்துவமனையை ஒட்டிய அவர்களுடைய விடுதியில் அவளுக்கு ஒரு கட்டில் கொடுத்தார். மூன்று வேளையும் மூக்குக் குழாய் வழியே இறங்கும் சத்துணவு. கூடவே வழக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு வக்கீல். “வக்கீலுக்கெல்லாம் நன்கொடையத் தொடலாமா?” என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

“உயிரோட இருந்தாத்தானே சார் வைத்தியம்” என்றார் செயலாளரம்மா.

லாரியண்ணனின் சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

முப்பதாவது நாள் முடிந்து அவள் திரும்பியபோது, ஜாமீனில் வந்திருந்த கணவன் ஊன்றுகோலோடு விடுதி வாசலில் நின்றான். அவள் உள்ளே போய் கேட்டைச் சாத்தினாள்.

“வீட்டுக்கு வா.”

அவள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. அவன் கம்பிகளுக்கிடையே காதைக் கொடுத்தான்.

“வரமாட்டேன்.”

அவன் ஊன்றுகோலால் கேட்டை அடித்தான், கோல் இரண்டாக முறியும்வரை. காவலாளி வெளியே போய் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அவன் கீழே விழுந்து கெட்ட வார்த்தைகளில் கத்தினான். அவள் மாடிக்குப் போனாள். உணவு இறக்கும் நேரமாகியிருந்தது.