பரிவட்டம்

நெல்லித்தோப்பில் வைணவ சபையொன்று நடத்திவந்த ஆதரவற்றோர் இல்லத்தில் எட்டு முதியவர்கள் இருந்தனர். செயலாளர் பலராமன் விடியலில் நீராடித் திருமண் இட்டு, பாசுரம் ஓதியவாறே அங்கு வருவார். பிரெஞ்சு ஆட்சியில் நீதிமன்ற எழுத்தராயிருந்து ஓய்வுபெற்றவர். தொண்டுக்குக் கூலி கொள்வது, தாய் தன் முலைப்பாலுக்கு விலை வைப்பதை ஒக்கும் என்பது அவருடைய தீர்மானமான கொள்கை.

கூலியின்றி நாள் தவறாது வந்து அங்கே உழைத்தவள் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மனைவியான செல்வாம்பாள். பக்கவாதத்தில் விழுந்த சூசைக் கிழவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, பவுடர் தூவி, ஈராண்டாய்ப் படுக்கைப்புண் வாராமல் காத்தவள்.

எண்பத்தோராம் ஆண்டுக் கோடையில் ஆலை கதவடைத்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் பலராமனிடம் வந்து நின்றாள்.

"ஐயா, வூட்ல அடுப்பு எரியல. மாசம் ஏதாச்சும் குடுத்தீங்கன்னா இங்கயே கெடந்து செய்வேன். இல்லன்னா லாஸ்பேட்டையில கவர்மெண்டு கோட்ரஸ் வூட்டு வேலைக்கு ஆள் கேக்கறாங்க, போவணும்."

"பாக்கலாம்மா" என்றார் அவர்.

சபையின் பொருளாளர் தேவதாஸ் தையற்கடைக்காரர், வாய்த்துடுக்கு உண்டு.

"குடுத்துடுவோங்க. சபையில பணமா இல்ல?"

"பணம் இல்லன்னா சொன்னேன்? அவ சேத்து வெச்ச புண்ணியத்த நாமளே கூலியாக்கலாமா?"

"உங்களுக்கென்ன, மாசம் பொறந்தா பிரான்ஸ்லேருந்து பென்ஷன் வந்துடுது. பெருமாளுக்குச் சும்மா சேவ பண்ணலாம். அவளுக்கு எந்த ராசா அனுப்புறான்?"

பலராமன் அதை வேடிக்கையாகவே கொண்டார். ஆயினும் செல்வாம்பாளின் மனம் நோகாமல் ஒரு வழி காண விழைந்தார். கண்ட வழி அவருக்கு மிக உயர்ந்ததாகவே தோன்றியது. சபையின் ஆண்டுவிழாவில், கோயிலில் பெரியோர்க்குச் செய்யும் முறைப்படி, அவள் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டுவித்தார். "ஊதியம் நாடாத உத்தமி" என்று அரைமணி நேரம் புகழ்ந்தார். மண்டபம் கைதட்டிற்று. அவள் கண்ணில் நீர் வழிந்ததை ஆனந்தம் என்று எண்ணினார். அத்தனை பேர் முன்னே அப்படிப் போற்றப்பட்டவள் இனிக் கூலி கேட்க வாய் திறப்பாளா என்பது அவர் நெஞ்சில் தோன்றவேயில்லை.

மறுநாள் முதல் அவள் வரவில்லை.

தொண்டர்கள் முறைவைத்து வந்தனர். நான்காம் நாள் சூசையின் கட்டிலருகே ஒருவரும் இல்லை. வேறு வழியின்றிச் சம்பளத்துக்கு ஒருத்தியை அமர்த்தினார்கள். தீர்மானத்தில் பலராமனே கையொப்பமிட்டார். எட்டுப் பேருக்கு அவள் ஒருத்தி. அவள்மேல் குற்றமில்லை. ஒரு மாதத்தில் சூசையின் முதுகு படுக்கைப்புண்ணால் பிளந்தது.

"செல்வாம்பா வரமாட்டாளா, முசியே?" என்று பிரெஞ்சுக்கால மரியாதையோடு விளித்து, கிழவர் சுவரைப் பார்த்தபடி பலராமனிடம் கேட்டார்.

அன்றே பலராமன் ரிக்ஷா பிடித்து லாஸ்பேட்டைக்குப் போனார். வேலைசெய்யும் வீட்டிலிருந்து ஈரக்கையோடு செல்வாம்பாள் வாசலுக்கு வந்தாள்.

"வந்துடும்மா. இப்ப இருக்கறவளுக்குக் குடுக்கறதவிடக் கூடவே குடுக்கச் சொல்றேன்."

"கூலிக்கா ஆள் வெச்சிருக்கீங்க?"

"ஆமாம்மா."

"நான் கேட்டதுக்குத் தலையில துணி கட்னீங்க. மொகந்தெரியாதவளுக்குச் சம்பளமாய்யா?" குரலில் சினமில்லை, அதுவே அவரைச் சுட்டது. "இந்த வூட்டு அம்மா என்னை நம்பித்தான் கொழந்தைய வுட்டுட்டு ஆபீஸ் போவுது. வர முடியாதுங்க."

அவர் புறப்படத் திரும்புகையில் அவள் கேட்டாள்: "சூசை ஐயா முதுவு எப்டி இருக்கு?"

ஆயிரம் பாசுரம் பழகிய நாவு சற்றே தடுமாறியது. "புண்ணாயிடுச்சும்மா."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. வர்றேன். காசு கீசுன்னு பேசாதீங்க."

முன்பாயின் அச்சொல் கேட்டு அவர் கண் பனித்திருக்கும்; மேடையேறிப் பாராட்டியும் இருப்பார். இன்று அவரால் அவள் முகத்தை நோக்க இயலவில்லை.

ஞாயிறன்று சொன்னபடி வந்தாள். சூசை முனகமுனகப் புண்ணைக் கழுவினாள். வாரத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே ஓய்வுநாளும் இங்கே கரைந்துகொண்டிருந்தது. வேண்டாமென்று தடுக்கும் உரிமை தமக்கில்லை என்று பலராமனுக்குத் தோன்றியது. தடுத்தால் கிழவர் பிழைப்பதும் அரிது. பலராமன் தண்ணீர்ப் பேசினை ஏந்தி அருகே நின்றார்.

"தண்ணி மாத்திக் கொண்டாங்கய்யா" என்றாள் அவள், தலை நிமிராமலே.

அவர் மாற்றிவரச் சென்றார்.