சத்தம் போடாத ரிலே

தேர்வு நாளன்று காலையில் வண்டியின் இடது சிக்னல் எரிந்தது, ஆனால் சிமிட்டவில்லை. பீஷ்யா பொத்தானை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள். வலது விளக்கும் அப்படியேதான் நின்று எரிந்தது.

டைனான் நகரில் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக் கடையில் அவள் காய்கறி நறுக்குகிறாள். பெட்டிகளை வீடுவீடாகக் கொண்டுபோகும் ஆள் நின்றுவிட்டதால் அந்த வேலையை அவளுக்குத் தருவதாக முதலாளியம்மா சொல்லியிருந்தாள். மோட்டார்சைக்கிள் உரிமம் இன்று கைக்கு வந்தால்தான். வராவிட்டால் நாளை வேறு ஆள். வருடக்கணக்காக அடுப்பின் ஆவியிலேயே நின்றவளுக்கு அது தெருவுக்கு வரும் வழி.

போன மாதம் ஒரு தடவை தோற்றிருந்தாள். தடம் மாறிய பிறகு சிக்னலை அணைக்க மறந்து, கடைசி வளைவு வரை அது சிமிட்டிக்கொண்டே வந்தது. அன்று கணவன் ஜின்ஃபூ ஒரு யோசனை சொன்னான். விளக்கைப் பார்க்க வேண்டாம், சத்தத்தைக் கேட்டால் போதும். அவர்களுடைய பழைய கியர் வண்டியில் சிக்னலைச் சிமிட்டவைக்கும் ரிலே டிக் டிக்கென்று ஓங்கி அடிக்கும். அது அடிக்கிறவரை சிக்னல் போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆற்றங்கரைத் திடலில் அப்படியே பழகினாள். நாளாக ஆக, காது சொல்ல, கட்டைவிரல் தானாகப் பொத்தானை அழுத்தியது.

இப்போது அந்த டிக் டிக்தான் போய்விட்டது.

ஜின்ஃபூ இருக்கையைக் கழற்றினான். பேட்டரிக்குப் பக்கத்தில் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்று செருகியிருந்தது. அவன் வேலை செய்யும் ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் அப்படி ஒரு பச்சைப் பொட்டலம் உண்டு. அது இருந்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது அங்கே நம்பிக்கை. பீஷ்யா தேர்வுக்காக வண்டிக்கும் ஒன்று வைத்திருந்தாள். அவன் அதைத் திருப்பித் தேதியைப் பார்த்தான். வீட்டில் அவள் அவனுக்கு ஆஷ்யா, அவன் அவளுக்கு ஆஃபூ.

"ஆஷ்யா, காலாவதியானத வெச்சா வண்டி கோவிச்சுக்காம என்ன பண்ணும்?"

"வெச்சதுதான் நான். தள்ளுபடியில கெடைக்குதுன்னு வாங்கிட்டு வந்தது யாரு?"

அவன் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான்.

பல்புகள் நன்றாக இருந்தன. ஹாரன் அடித்தது, பேட்டரியிலும் குறையில்லை. ஆக, ரிலேதான். முனையிலிருந்த உதிரிபாகக் கடைக்கு ஓடினான். பழைய தகர டப்பி மாதிரி இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் சுவான் எலக்ட்ரானிக் ரிலே ஒன்றைக் கொடுத்தார். திரும்பும் வழியில் புதுப் பச்சைப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டான், முழு விலையில்.

பழைய ரிலேயை அதன் ரப்பர் உறையிலிருந்து உருவி, இரண்டு வயர்களையும் புதியதில் மாட்டினான். இதற்கு மூன்றாவதாக ஒரு கால் இருந்தது. அதிலிருந்து கறுப்பு வயரை இழுத்துச் சட்டத்தின் போல்ட்டில் முடுக்கினான். பேட்டரிக்குப் பக்கத்தில் புதுப் பொட்டலத்தைச் செருகினான். பொத்தானைத் தள்ளியதும் விளக்குகள் பளிச்சென்று சீராகச் சிமிட்டின.

பீஷ்யா சந்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றாள். இடது சிக்னல் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"சத்தம் எங்க, ஆஃபூ?"

"இது சத்தம் போடாது. புது மாதிரி."

"அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் மறுபடி சுவானிடம் போய்க் கேட்டான். பீப் சத்தம் போடும் சாமான் ஒன்று மாட்டலாம், ஆனால் சாயங்காலம்தான் வரும் என்றார். தேர்வோ மதியத்துக்குள். தேர்வு மையத்தில் வாடகை வண்டி கிடைக்கும்; ஆனால் அவள் கை பழகியது இந்த வண்டிக்குத்தான்.

பின்னால் அவளை உட்காரவைத்து அவனே ஓட்டிக்கொண்டு போனான். பாலத்தடியில் திரும்பியவன் சிக்னலை அணைக்க மறந்தான். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த பீஷ்யா, அவன் காதோரம் நாக்கைத் தட்டினாள். டிக், டிக், டிக். அவன் அணைத்ததும் நிறுத்தினாள். அடுத்த திருப்பத்திலும் அதேதான்.

"பொண்டாட்டின்னு நெனச்சு ஏத்துனேன். பல்லி உக்காந்திருக்கு."

"பல்லி இல்லன்னா நீயும் இன்னைக்கு ஃபெயில்தான்."

அதன் பிறகு மையம் வரும்வரை, அவன் சிக்னல் போடும்போதெல்லாம் நாக்கைத் தட்டிக்கொண்டே வந்தாள். இப்போது அவனுக்காக அல்ல.

கம்பி வேலிக்கு வெளியே நின்று ஜின்ஃபூ பார்த்தான். நேர்க்கோட்டில் மெதுவாகப் போனாள், சக்கரம் ஆடவில்லை. தடம் மாறினாள், சிக்னல் அணைந்தது. திரும்புவதற்காகத் தரையில் வரைந்திருந்த காத்திருப்புக் கட்டத்துக்குள் நின்று இடப்பக்கம் திரும்பினாள், அதுவும் அணைந்தது. கடைசி வளைவு தாண்டி நிறுத்தினாள். நான்கு விளக்கில் ஒன்றுகூடச் சிமிட்டவில்லை.

தேர்வாளர் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பாஸ். ஆனா வண்டியில எங்கயோ டிக் டிக்னு கேக்குது. மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

"வண்டி இல்ல சார். நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அதற்குள் தாளை மடித்துக்கொண்டு வேலிப் பக்கம் நடந்தாள். ஜின்ஃபூ சாவியை அவள் கையிலேயே விட்டுவிட்டுப் பின்னிருக்கையில் ஏறினான்.