அனிஸ்ரனின் அரை அங்குலம்

யாக்கோப்புவின் மகன் அனிஸ்ரனுக்கு இராணுவத்தில் சேர எல்லாத் தகுதியும் இருந்தது, அரை அங்குலம் ஒன்றைத் தவிர. ஐந்து அடி நான்கு அங்குலம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. அவனோ ஐந்து அடி மூன்றரையில் வந்து நின்றுகொண்டு, இதற்கு மேல் ஒரு நூலும் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தான். நாயாற்றுக் கரையில் அவனை அளக்காத ஆள் இல்லை. தையல்காரி நாடா பிடித்து அளந்தாள். மேசன் இரும்பு டேப்பால் அளந்தார். வலைக்கு முழம் போட்டே பழகிய தகப்பன் மகனைச் சுவரோடு நிறுத்தி முழம் போட்டார். எல்லாருக்கும் அந்த மூன்றரையே வந்தது.

கடல் தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடலிலிருந்துதான் வந்தது. படகு கரையை விட்டு நூறு மீற்றர் தாண்டினால் போதும், குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுப்பான். ஐந்து வருசம் தகப்பன் ஏற்றி ஏற்றிப் பார்த்தார். மீனுக்குத் தீன் போட்டதுதான் மிச்சம். "ஆமிக்குப் போகப் போறன்" என்று அவன் சொன்ன அன்று யாக்கோப்பு வலையைப் பார்த்தபடி இருந்தார். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் சோற்றோடு சேர்ந்து இறங்குகிற சொல் இல்லை. இரண்டு நாள் அவர் கிழியாத வலையையும் விரித்து வைத்துத் தைத்தார். மூன்றாம் நாள், "தரையில நிக்கிற வேலைதானே, வாந்தி வராது" என்றார். அதுதான் சம்மதம்.

அக்கா டக்சாயினி ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பியை விடப் பன்னிரண்டு வயது மூத்தவள். தாய் ஞானமலர் காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஒன்றரை வயது. அன்றிலிருந்து அவன் வளர்ந்தது இவளுடைய இடுப்பில். பிறகு இவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடத்தாரிடமும், "தம்பியும் என்னோட வருவான்" என்றாள். வந்தவர்கள் தேத்தண்ணியை மரியாதையாகக் குடித்து முடித்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்தத் தம்பியே போகப் போகிறான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

அவன் காலமை வெளிச்சத்தோடு கடற்கரையில் ஓடினான். வேப்பமரக் கொப்பில் குரங்கு மாதிரித் தொங்கினான். தொங்கினால் ஆள் நீளுமாம். அவள் முட்டை அவித்துக் கொடுத்தாள், வியர்த்த பெனியனைத் தோய்த்துக் காயப்போட்டாள். மனதுக்குள் மட்டும், இல்லாத அந்த அரை அங்குலத்துக்குக் கைகூப்பிக்கொண்டாள். அது இல்லாமலே இருந்துவிட்டால் தம்பி வீட்டோடு இருப்பான்.

அதையும் கெடுத்தவன் ரூபன். அனிஸ்ரனின் கூட்டாளி, போன வருசம் சேர்ந்து பயிற்சி முடித்தவன். போனில் அவன் சொன்ன யோசனை இதுதான்: "ஆள் படுத்துக் கிடந்தா நீளமடா. எழும்பி நடமாட நடமாடத்தான் முள்ளந்தண்டு இறுகிக் கட்டையாகிறது. படுத்தபடியே வந்து இறங்கி உடன அளவுக்கு நில். நானும் அப்பிடித்தான் பாஸ் பண்ணினனான்."

அடுத்த நாள் காலமை பாயை விட்டு எழும்பிய கையோடு அளந்து பார்த்தார்கள். நான்கு! மத்தியானம் அளந்தார்கள். மூன்றரை. ரூபன் சொன்னது சரி என்று அனிஸ்ரன் குதித்தான். குதித்தால் இன்னும் குறையும் என்று தகப்பன் அதட்டினார்.

கிளிநொச்சியில் ஒன்பது மணிக்கு அளவு. நாயாற்றிலிருந்து இரண்டரை மணித்தியால ஓட்டம். பஸ்ஸில் படுக்க இடம் கேட்டால் கொண்டக்டர் அடிக்க வருவான். ஆகவே பரமலிங்கத்தின் ஓட்டோவைப் பிடித்தார்கள். அளவு நாள் காலமை தகப்பனும் பரமலிங்கமும் அனிஸ்ரனைப் பாயோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, முன்வீட்டு மனுசி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அழ ஆயத்தமானாள். "சாகேல்லை மாமி, ஆமிக்குப் போறன்" என்று பாயிலிருந்து குரல் வந்தது. அவளுக்கு இரண்டில் எதற்கு அழுவதென்று தெரியவில்லை.

ஓட்டோவின் பின் இருக்கை நாலு அடி. அனிஸ்ரன் ஐந்தேகால் அடி. மடக்கிப் படுத்தால் முதுகு வளைந்துவிடும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான், அதாவது படுத்தபடி. கடைசியில் தலை டக்சாயினியின் மடியில், கால் இரண்டும் மற்றப் பக்கத்தால் வெளியே. முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. தகப்பனுக்கு இடமில்லை, அவரை விட்டுவிட்டு அந்தக் கோலத்தில் புறப்பட்டார்கள். செம்மலை வருவதற்கு முன்பே அவன் தூங்கிப்போனான். தூங்கியதும் தலை பாரமாகியது. அவளுக்கு அந்தப் பாரம் தெரிந்த பாரம்.

முல்லைத்தீவில் பரமலிங்கம் ஓட்டோவை நிறுத்தினார். "பிள்ளை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமோ? தம்பியும் இறங்கிக் கையைக் காலை உதறட்டும். பாவம்."

டக்சாயினி கணக்குப் போட்டாள். பத்து நிமிசம் எழும்பி நின்றால் போதும், கதை முடிந்தது. அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தாலே சரி. ஆனால் அனிஸ்ரன் கண்ணைத் திறக்காமலே, "எனக்குப் பையில கட்டி ஸ்ட்ரோ போட்டுத் தரச் சொல்லுங்கோ அண்ணை" என்றான். படுத்தபடி உறிஞ்சி, பாதி மூக்குக்குள் போய், தும்மி, அவளுடைய சட்டையெல்லாம் தேத்தண்ணியாக்கி, மறுபடியும் தூங்கினான்.

ஓட்டோ வட்டுவாகல் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். அவனைச் சுமந்துகொண்டு அவள் இந்தப் பாலத்தைக் கால்நடையாகக் கடந்திருக்கிறாள். அவளுக்குப் பதினாறு, அவனுக்கு நாலு.

அது சண்டையின் கடைசி வருசம், வீட்டுக்கு ஓர் ஆள் இயக்கத்துக்கு என்று கேட்ட காலம். கொடுக்காத வீட்டில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அவளோடு படித்த பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் பத்து நாள் பயிற்சி கொடுத்துச் சண்டைக்கு முன்னுக்கு அனுப்பினார்கள். கல்யாணம் கட்டிப் பிள்ளை உள்ளவளை விட்டுவிடுவார்கள் என்று ஒரு கதை இருந்தது. டக்சாயினி தாயின் சேலையை உடுத்தி, தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆரும் வந்தா என்னை அம்மா எண்டு கூப்பிட வேணும், சரியோ?" என்று சொல்லிவைத்தாள். இரண்டு முறை வந்தார்கள். இரண்டு முறையும் அவன் அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றான். போய்விட்டார்கள். நாலு வயதுப் பொடியன் ஒரு சொல்லால் அவளைப் பயிற்சி முகாமிலிருந்து காப்பாற்றிவிட்டான். பிறகு ஆள் வராத நேரத்திலும் அம்மா என்றே கூப்பிட்டான். ஏழு மாதம் அவள் அம்மாவாக இருந்தாள். சண்டை முடிந்து செட்டிகுளம் அகதி முகாமுக்கு வந்த பிறகு, "இனி அக்கா எண்டு கூப்பிடு" என்று அவளே திருத்தினாள். அவன் இரண்டு நாளில் மாறிவிட்டான். மாறக் கனகாலம் எடுத்தது அவளுக்குத்தான்.

சனம் செத்து விழுந்த மாதங்கள் அவை. யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவார்கள், ஆனால் டக்சாயினிக்கு அந்த நாட்களை நினைத்து ஏக்கமாக இருந்தது. பதுங்கு குழிக்குள் அவளுடைய காது மடலைப் பிடித்தபடி அவன் தூங்கியது. ஷெல் ஓய்ந்த இடைவெளியில், "அம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடமா?" என்று கேட்டது. பாலத்தைக் கடந்த அன்று இடுப்பு கழன்று விழுவது போல வலித்த வலி. அந்த வலி கூட இப்போது வேண்டும் போல இருந்தது. அவன் முழுவதுமாக அவளிடம் இருந்த காலம் அது ஒன்றுதான்.

அந்த அரை அங்குலம் எங்கே போனது என்பதும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கடைசி மாதங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்தார்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு தகரப் பேணி. வெயிலில் நின்று வாங்கிக்கொண்டு வரும் வழியில், ஒரு பனையடியில் குந்தியிருந்து பாதியைக் குடித்துவிட்டாள். மிச்சத்தில் தண்ணீர் விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். அவன் பேணியின் அடியை விரலால் வழித்து நக்கிவிட்டு, "முடிஞ்சுதா அம்மா?" என்று கேட்டான். பதினாறு வயதுக்காரிக்கும் பசிக்கும்தான். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவள் யாரிடமாவது வாய் திறந்திருந்தால்தானே சொல்வதற்கு. ஒவ்வொரு வருசமும் பெரிய வெள்ளிக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். கோபம், பொய், பொறாமை எல்லாம் சொல்வாள். கஞ்சியை மட்டும் விழுங்கிவிடுவாள். மூன்று அரைப் பேணிக் கஞ்சியில் ஒரு பிள்ளை அரை அங்குலம் வளருமா என்று கணக்கு வாத்தியார் கேட்பார். அவளுடைய கணக்கில் வளரும்.

புதுக்குடியிருப்பைத் தாண்டியதும் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். வேறொன்றுமில்லை, வீதியில் நீட்டிக்கொண்டு வந்த கால்கள் இரண்டும் அவருடைய கண்ணில் பட்டுவிட்டன.

"என்ன இது? கால் வெளிய?" அவர் குனிந்து உள்ளே பார்த்தார். தெரிந்த தமிழில் கதைத்தார். "எழும்பு. எழும்பி இறங்கு. ஐசி காட்டு."

அனிஸ்ரன் விழித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். இவ்வளவு நாளும் அவள் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றது. பாவம் அவள் தலையில் இல்லை. அவள் தம்பியைத் தடுக்கவில்லை, பொலிஸ்தான் எழுப்பியது. அவன் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தான்.

டக்சாயினியின் கை அவனுடைய நெஞ்சில் விழுந்து அழுத்தியது. அவள் யோசித்துச் செய்ததல்ல.

"எழும்ப ஏலாது சேர்" என்றாள். "இடுப்பில நாரிப்பிடிப்பு. அசைஞ்சா உயிர் போகுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். ஐசி இந்தாங்கோ."

பரமலிங்கம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அனிஸ்ரன் கொஞ்சம் கூடவே முனகினான். பொலிஸ்காரர் அடையாள அட்டையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், டக்சாயினியின் முகத்தைப் பார்த்தார். அவளுடைய கண்ணிலிருந்து உண்மையாகவே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாவம். போ, போ. மெல்ல போ" என்றார்.

ஓட்டோ நகர்ந்ததும் அனிஸ்ரன் சிரிக்கத் தொடங்கினான். "நாரிப்பிடிப்பாம்! அக்கா, உனக்கு இப்பிடிப் பொய் சொல்லத் தெரியுமே?"

"சிரியாதை. சிரிச்சா முள்ளந்தண்டு அசையும்" என்றாள் அவள். கையை அவனுடைய நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. விசுவமடுவும் தர்மபுரமும் பரந்தனும் கழிந்தன. மேடு பள்ளம் வந்த இடமெல்லாம் அவனுடைய தலை குலுங்காமல் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு நூலும் குறையக் கூடாது என்று இப்போது மாதாவிடம் கேட்டாள். முந்தி கேட்டதை மறந்துவிடச் சொல்லியும் கேட்டாள்.

கிளிநொச்சியில் அவன் இறங்கி நேராக வரிசைக்கு ஓடினான். இல்லை, ஓடவில்லை. தலையில் தண்ணீர்க் குடம் இருப்பது போல நடந்தான். வந்தவர்களை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே தகரக் கொட்டகையில் அளவு நடப்பது தெரிந்தது. அவனுடைய முறை வந்து அளவுக் கட்டை தலையில் இறங்கியபோது, வேலிக்கு வெளியே டக்சாயினி குதிக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அளந்தவர் கட்டையைத் தூக்கினார். மறுபடியும் இறக்கினார். குனிந்து ஏதோ எழுதினார்.

அவன் ஒரு கடதாசியோடு வெளியே வந்தான். "நாலு அக்கா! சரியா நாலு! ரெண்டு தரம் அளந்தவங்கள். ஓட்டம், மற்ற மெடிக்கல் எல்லாம் இந்தக் கிழமைக்குள்ள முடியுமாம். அடுத்த மாசம் மூண்டாம் திகதி ரெயினிங். கொண்டு போற சாமான் லிஸ்ட்டும் தந்திட்டாங்கள்."

அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. பொய்யில்லை, உச்சி குளிர்ந்தது. அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் வழித்துக் கொஞ்சினாள். பரமலிங்கம் எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது அனிஸ்ரன் பின் இருக்கையில் அவளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேடு வந்த இடத்தில் தலை ஓட்டோவின் கூரையில் முட்டியது. அதைக் கூடப் பெருமையாகப் பார்த்துக்கொண்டான். ரூபனுக்கு அடித்தான், தகப்பனுக்கு அடித்தான், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தான். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே லிஸ்ட்டை வாசித்தான். வெள்ளைப் பெனியன் இரண்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு, படுக்கை விரிப்பு, சவர்க்காரம். டக்சாயினிக்குத் தொடை இரண்டும் விறைத்துப் போயிருந்தன. இரத்தம் திரும்பி ஓடத் தொடங்கியபோதுதான் வலித்தது.

பரந்தன் கழிந்தது. அவனுடைய கண் மெல்லச் செருகியது. விடிய முன்னமே எழும்பியவன்தானே.

"தம்பி" என்றாள். "இன்னும் தூரம் கிடக்கு. படுக்கிறியே?"

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தான். "இனி என்னத்துக்கு அக்கா?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

அவன் மறுபடியும் போனை எடுத்தான். சாமான் லிஸ்ட்டை அவளிடம் நீட்டினான். காற்றில் பறந்துவிடாமல் அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.