ஒரே ஆள் கேட்ட ஏலம்

மகாதேவியின் கொழுந்தன் அண்ணனுடைய ஜீப்பை இரவல் வாங்கிப் போய் அதில் சாராயப் பாட்டில் ஏற்றினான். வண்டி வழக்கில் பறிமுதலானது. அபராதம் கட்டி மீட்கக் கொடுத்த தவணையும் கைநழுவிப் போய், இப்போது அது கொடைக்கானலில் போலீஸ் மைதானத்தில் மற்ற வண்டிகளோடு ஏலத்துக்கு நின்றது.

அவள் புருஷன் அழகுமலை, பூண்டியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றி மலையெல்லாம் சுற்றிய மனிதன். வண்டி போனதிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான். இன்று இழுக்காத குறையாகக் கூட்டி வந்தும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையோடு நின்றுவிட்டான்.

"என் வண்டிக்கு நானே போயி வெல கேக்கவா? நீ போ."

தோட்டை அடகு வைத்த பணத்தோடு அவள் மட்டும் வந்தாள். வண்டி வந்தால் ஆள் எழுந்துவிடுவான். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யாகூப் அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது அழகுமலை வண்டியில்ல?"

"ஆமாங்க பாய்."

அவர் மற்ற வியாபாரிகளிடம் திரும்பினார். "ஏலே, இத யாரும் கேக்காதீங்க. வீட்டுக்காரம்மாவே வந்திருக்கு."

"நான் ஏன் கேக்கப் போறேன் பாய்? அதுல ஒருக்கா ஏறுனா என் இடுப்பும் ஏலத்துக்கு வந்துரும்" என்றான் ஒருவன். சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரி வந்து நிற்கும் பொருளுக்கு விலை கேட்பது அடுத்தவன் உலையில் கைவிடுவது போல என்பது அந்த மலையில் சொல்லாமலே தெரிந்த விஷயம்.

ஜீப்பின் முறை வந்தது. அதிகாரி ஆரம்ப விலையாக எண்பதாயிரம் சொன்னார். மகாதேவி ஆயிரம் கூட்டிக் கேட்டாள்.

"வேற யாரு?"

எல்லோரும் யூக்கலிப்டஸ் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி கிடைத்துவிட்டது என்றே அவள் நினைத்தாள்.

அதிகாரி கோப்பை மூடினார். "ஒரே ஆள் கேட்டா ஏலம் செல்லாதும்மா. எதிர்க்கேள்வி ஒண்ணாவது வேணும். அடுத்த ஏலத்துல பாத்துக்கலாம்."

அடுத்த ஏலம் என்றைக்கோ. ஏற்கெனவே ஜீப்பின் அடித்தகடு துருப்பிடித்து, அந்த ஓட்டை வழியே புல் எட்டிப் பார்த்தது. வீட்டில் சுவரோரம் கிடப்பவனும் இன்னொரு மழைக்காலம் தாங்க மாட்டான். அவள் யாகூப்பிடம் ஓடினாள்.

"பாய், எனக்கு எதிரா ஒரு வெல சொல்லுங்க."

"நானே கேக்காதீங்கன்னுட்டு நானே கேக்கவா?"

"ஒரே ஒரு தடவ பாய்."

அவர் அதிகாரி பக்கம் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டே, "எண்பத்திரண்டு" என்றார்.

"எண்பத்தி மூணு."

அதிகாரி கோப்பைத் திரும்பத் திறந்து கையை உயர்த்தினார். "ஒரு தரம். ரெண்டு தரம்."

"தொண்ணூறு."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஒட்டன்சத்திரத்துச் சிவமுருகன், புதுச் சுவெட்டரில் நின்றுகொண்டிருந்தார். அதுவரை அந்த ஜீப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "பாயே கேக்குறாருன்னா வண்டியில சரக்கு இருக்கு" என்றார்.

யாகூப் பதறி, "அண்ணே, அது அவங்க வீட்டு வண்டி" என்றார்.

"அப்ப நீங்க ஏன் கேட்டீங்க?"

மகாதேவி தன்னிடம் இருந்தது முழுவதையும் சொல்லிப் பார்த்தாள். சிவமுருகன் அதற்கும் மேலே போனார். மூன்று தரமும் முடிந்தது.

பணம் கட்டி வந்தவர் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். பேட்டரி மாற்றியதும் அது இருமிக்கொண்டு உயிர் பிடித்தது.

"இந்த வளைவுல எல்லாம் எனக்குப் பழக்கம் கெடையாது. கீழ எறக்கிவிட டிரைவர் யாரும் இருக்காங்களா?"

யாகூப் தரையைப் பார்த்தார்.

"இருக்காருங்க" என்றாள் மகாதேவி. தள்ளிப் போய்ப் போன் செய்தாள்.

"ஏலம் நமக்கு விழுந்துருச்சா?" அழகுமலையின் குரலில் பழைய தெம்பு வந்திருந்தது; படுக்கையை உதறி எழுந்தவன் குரலாக இருந்தது.

"வெரசா வாங்க. வண்டிய எடுக்கணும்."

மேட்டில் அவன் வருவது தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே வந்தான். சாவி சிவமுருகன் கையில் இருந்தது. அவன் அருகில் வருவதற்குள் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று மகாதேவி நாலு எட்டு எதிரே நடந்தாள். அவன் அவளைத் தாண்டி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.